ஏலேலோவுக்கு விட்ட எடம்

நேத்து மத்தியானம் மைக்கு மேல இருக்கற கம்பி ஜாலிய கழட்டி தொடச்சிகினு இருந்தேன். உள்ள இருக்கற ஸ்பாஞ்சுல இன்னும் கிராம்பு வாசன கீது. பாடறதுக்கு முன்னாடி நீ வாயில போட்டுக்குவியே, அதே கிராம்பு. தண்ணில நனைக்க மனசு வரல. அப்டியே திருப்பி மாட்டிட்டேன்.

அப்பதான் கீபோர்டு பாபு வந்தான். சாய்ங்காலம் நெம்மேலில ப்ரோக்ராம், புதுசா ஒரு பொண்ணு பாட வருதாம். ஜனங்க உன் வல இழுக்கற பாட்டத்தான் கேக்கறாங்களாம். தயங்கி தயங்கி கேட்டான்: "மச்சான், ரிதம்ல அந்த கேப்பு இனிமே எதுக்கு? எடுத்துறலாமா?"

உன்ன காய்ச்சல் தூக்கிகினு போனதுலேர்ந்து, யாரு இன்னா கேட்டாலும் உள்ள ஒண்ணும் அசையறதில்ல. செத்த பேட்டரில மீட்டர் வச்சா முள்ளு நவுராதே, அந்த மாதிரி.

முல்லைத்தீவுலேர்ந்து போட்டுல வந்து அகதி முகாம்ல இருந்தவ நீ. ஊர்ல உங்கப்பா கரையில நின்னு கரவலை இழுக்கறப்ப கூட நின்னு பாடி வளந்தவ. முகாம் பொங்கல் விழாவுல உன் கொரல கேட்டு பாபுதான் நம்ம ட்ரூப்புக்கு கூப்ட்டான். மொத கச்சேரி படாளத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். சினிமா பாட்டுல ஒரு வரி பாடிட்டு நீ சும்மா நின்ன. நான் தட்டி வுடற ரிதம் பாக்ஸு மிஷினு, யாருக்காகவும் நிக்காது, அது பாட்டுக்கு போயிடுச்சி. ஒவ்வொரு வரிக்கும் அதே கத. பாபு மைக்குலயே, "மேடம் பஸ்ஸுக்கு நிக்கறாங்க போல"ன்னான். கல்யாண வூடே சிரிச்சிது. வேன்ல வரும்போது, இன்னொரு தபா இப்டி ஆனா வேற சிங்கர் பாத்துக்கறேன்னுட்டான். முகாம விட்டு வெளிய வர உனக்கு இருந்த ஒரே வழி பாடறதுதான்.

நீ அழல. ரிதம் பாக்ஸ மடில வச்சிகினு இருந்த என்னாண்ட மெதுவா சொன்ன: "இழுக்கிற சனம் பதில் சொல்லவேணுமெல்லே? இடம் விடாமல் என்னெண்டு பாடுறது?"

அப்பறம்தான் சினிமா பாட்ட விட்டுட்டு அந்த வலப்பாட்டையே பாட சொன்னேன். வரிக்கு வரி கொஞ்சம் காலி விட்டு ரிதம் போட்டேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சது அன்னிக்குதான் உருப்படியா ஒதவிச்சி.

மொத மொத அத பாடனது இதே நெம்மேலி கடலோரம். ஒரு வரி பாடிட்டு நின்ன. காலி. பாபு என்ன மொறைச்சான். அடுத்த வரிக்கு, மணல்ல குந்திகினு இருந்த ஒரு பெருசு "ஏலேலோ"ன்னாரு. அதுக்கடுத்த வரிக்கு குப்பமே சொல்லிச்சி. பாபு கீபோர்டுலேர்ந்து கைய எடுத்துட்டான். அப்பறம் ரிசார்ட்டு, கோயில் திருவிழா, நம்ம கல்யாணம், எல்லாத்துலயும் அந்த பாட்டு.

சமைக்கறப்பவும் ஒரு வரி பாடிட்டு கரண்டியோட திரும்பி பாப்ப. "ஒருக்கா ஏலேலோ சொல்லுங்கோவன்." எனக்கு சுதியே வராது, ஆள வுடுன்னுவேன். "வலை இழுக்க சுருதி என்னத்துக்கு? கை இருந்தால் காணும்"ன்னு சிரிப்ப. காணும்னா உங்க ஊர்ல போதும்னு அர்த்தம்.

"அந்த கேப்பு இருக்கட்டும்டா"ன்னு நேத்து பாபுவாண்ட சொன்னேன்.

சாய்ங்காலம் அந்த பொண்ணு மைக்க வாயாண்ட வச்சி, கிராம்பு வாசன வருதுண்ணா, நல்லாகீதுன்னுச்சி. மொத வரி முடிஞ்சிது. கேப்பு வந்திச்சி. மத்தவங்க வாய தொறக்கறதுக்கு முன்னாடி, மிக்சராண்ட நின்னுகினு இருந்த நான் "ஏலேலோ"ன்னேன். கொரலு ஒடஞ்சி எங்கியோ போச்சி. பாபு தலைய குனிஞ்சிகினான்.

அடுத்த வரிக்கும் சொன்னேன். சுதி சேரல. கை இருந்தா காணும்னு நீதான சொன்ன.