இலுப்பை மரமும் பாதியில் நின்ற உன் பேச்சும்

திண்டிவனம்
ஞாயிறு காலை

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்து விஷயம் கெட்டுப்போகும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

வௌவால் ஃப்ளூ காய்ச்சல் கிருமியைப் பற்றி நீ பேசி அனுப்பிய வீடியோவை உன் சித்தப்பா மகள் அஸ்வினி பெருமையாக ஸ்டேட்டஸில் வைத்தாள். மற்ற ஃப்ளூ கிருமிகள் செல்லின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்து உள்ளே போகும், இது மட்டும் நோயெதிர்ப்புச் செல்கள் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கிறது, பன்றி, கோழி, எலி, மனிதன் எல்லாருக்கும் அந்தப் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி என்று நீ சொன்னதோடு ஸ்டேட்டஸ் நின்றுவிட்டது. அது மத்திய, தென் அமெரிக்கக் காட்டு வௌவாலில் கண்டது, மனிதருக்கு வந்ததாக இதுவரை செய்தி இல்லை என்று நீ பிறகு சொன்னதை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. காவல்காரன் கையையே பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற கிருமி என்று எனக்குப் புரிந்தது, கோழி வளர்க்கும் உன் சித்தப்பன் பச்சைமுத்துவுக்குப் புரிந்தது வேறு. நம் ஊர் கோலியனூர் டீக்கடையில் நின்றுகொண்டு, "அண்ணன் பொண்ணே சொல்லுதுப்பா, கோழிக்கும் நமக்கும் ஒரே கதவாம், இன்னாத்துக்கு இந்த வௌவாலுங்கள வச்சிக்கினு பேஜாரு" என்றானாம். வருகிற வியாழக்கிழமை வௌவால்கள் தொங்கும் நம் நிலத்து இலுப்பை மரத்தை அறுக்க அவன் ஏற்பாட்டில் ஆள் வருகிறது. அந்த வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு ஒரு வெடிகூட வெடிக்காத ஊர் அது, வெடிக்க ஆசைப்பட்டுப் பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் திண்டிவனத்தில் நம் வீட்டு மாடிக்குத்தானே வருவீர்கள்.

மரத்தை அறுக்காதே என்று நேற்று நானே போய்ச் சொன்னேன். "நான் எது செஞ்சாலும் உனக்கு ஆவாதுண்ணா, நீ போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இலுப்பை நிற்கும் அந்த ரோட்டோர நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டு, எம்.எஸ்ஸி. படித்த எனக்கு முள்ளுக்காட்டைத் தள்ளியவன் அவன், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அதனால்தான் நான் சொல்லும் நியாயமும் அவன் காதில் சண்டையாகவே விழுகிறது. ஆனால் உன் மேல் அவன் வைத்திருக்கும் பாசத்தை நான் சந்தேகப்பட்டதில்லை. பஸ் ஓடாத அன்று உன்னை விழுப்புரத்துக்குப் பரீட்சைக்குக் கூட்டிப்போனவன், நீ வெளியே வரும்வரை வெயிலில் நின்றான், அதையும் மறக்கவில்லை.

மகளே, நீ அவனோடு பேசு. எனக்கு விளக்கியது போல இங்கிலீஷ் கலக்காமல், நிதானமாக, முழுவதும் சொல். வௌவால் கடித்த பழத்தைத் தொடவேண்டாம், மரத்தடியில் வேலை செய்தால் கையைக் கழுவினால் போதும் என்றும் சொல். முதலில் அவன் கோழிகளை விசாரி. உன்னால்தான் மரம் போயிற்று என்று நாளைக்கு ஒருவன் சொல்லக்கூடாது, எனக்கு இருக்கிற ஒரே கவலை அதுதான்.

ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே என்று அம்மா பத்து தரம் சொல்லச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பேரோடு இருக்கவேண்டும்.

புதன்கிழமைக்குள் மறக்காமல் பேசிவிடு, நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. பேசி முடித்ததும் என்ன சொன்னான் என்று எழுது. என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்பதையும் எழுது.

உன் அப்பா
தென்னரசு