மாணிக்க கங்கைக்கு இந்தப் பக்கம்

திஸ்ஸமகாராமை
18.7.2001

அன்பு மகள் விஜயகலாவுக்கு, குவைத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. உட்கார்ந்து வாசி மகள். அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். போய் நாலு நாள் ஆகிறது, எனக்கே இன்று காலையில்தான் தெரியும்.

மூச்சுத் திணறல் கூடி அவரை ரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்ததைப் போன கடிதத்தில் எழுதினேனே. அவர் பிழைத்து எழும்ப வேண்டும் என்று றக்வானையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டு, காத்தமுத்து அண்ணனின் கூட்டத்தோடு கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாட்டில் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, போய்ட்டு வா புள்ள, நான் எங்க ஓடிறப் போறேன் என்று சிரித்தார். ஓட மாட்டீங்க, அந்த நர்ஸ் நோனாவைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பீங்க என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வழியெல்லாம் நான்தான் கூட்டத்துக்குக் கூத்து. காலையில் குளித்ததும் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் குங்குமம் வைத்துவிடுவோம். அண்ணன் சம்சாரம் தங்கம்மாவுக்கு நான் வேண்டுமென்றே கோணலாக வைப்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். தணமல்வில தாண்டியதிலிருந்து அவள் என் கையைக் கண்டாலே நெற்றியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், கேட்டால் வேர்வையில் நெற்றி கடிக்கிறது என்றாள். இன்று குளத்தங்கரையில் நான் விடவில்லை. ஏன்டி, என் கையில என்ன அட்டையா ஒட்டியிருக்கு என்று அவள் தாடையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டு ஓவென்று அழுதாள்.

தணமல்விலயிலிருந்து அண்ணன் றக்வானை ஹலீம் நானா கடைக்குப் போன் எடுத்தபோதே செய்தி வந்துவிட்டதாம். அதற்குள் அடக்கமும் முடிந்திருந்ததாம். காதுல விழுந்தாத்தானே தங்கச்சி தீட்டு, தெரியாமலே நேர்த்தியை முடிக்கட்டும்னு நெனச்சேன் என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அங்கே உன் சித்தப்பா அப்பாவுக்கு மண் போட்டிருக்கிறார், இங்கே நான் பொட்டும் சிரிப்புமாக அரோகரா போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். யாருக்காக நடந்தேன் மகள், இனி எதற்கு நடக்க. கால் கொப்புளம் எல்லாம் இப்போதுதான் வலிக்கிறது. பொட்டை நானே குளத்துத் தண்ணீரில் துடைத்துவிட்டேன்.

அண்ணன் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன், வீட்டில் போய் யார் முகத்தைப் பார்க்க. நாளைக்கு மாணிக்க கங்கை வரை நடப்பேன். தீட்டோடு ஆற்றைத் தாண்டிக் கோயிலுக்குப் போகமாட்டேன், இந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். கோயில் மணி அங்கே கேட்கும், அது போதுமே என்கிறாள் தங்கம்மா. போதாது மகள்.

நீ வேலை வீட்டு மேடத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்துவிடாதே, வந்தாலும் பார்க்க அவர் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பதினாறாம் நாள் கழிந்திருக்கும், உனக்குத் தீட்டு இருக்காது. குளித்துவிட்டு நம் ஊர்ப்பக்கம் பார்த்து நின்று முருகனிடம் கேள், எங்கம்மா ஆத்தங்கரை வரைக்கும் வந்தாளே, ஒரு அஞ்சு நாள் பொறுக்க முடியலையா ஒனக்கு என்று கேள். மறந்துவிடாதே. நீ நூறு வயது வரை நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அஞ்சலை