செயின் மேல் வைத்த ஸ்பானர்

தைப்பூசம் கழிந்து மூன்றாம் நாள், இரவு. எனக்கு எழுத வராது. போனில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது.

எண்பத்தஞ்சு, பினாங்குப் பாலத்தில் முதல் கார் ஓடிய வருஷம் அது. புல்டோசருக்கு எஞ்சின் ஆயில் மாற்றினோம். காளியப்பன் அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்தான். நான் மேலே நின்று புதுசு ஊற்றினேன். அடியில் போனவன் வெளியே வந்ததும், வண்டி உருளும் இரும்புச் செயின் மேல் ஸ்பானரை வைப்பான். அதைப் பார்த்த பிறகுதான் டிரைவர் மணியம் வண்டியை எடுப்பான். எங்களுக்குள் அதுதான் வழக்கம்.

அன்றைக்கு ஆயில் ஊற்றி மூடியாச்சு. எங்கேயாவது ஒழுகுகிறதா என்று காளியப்பன் அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். காலி டின்னோடு இறங்கக் கை வேண்டுமே என்று என் ஸ்பானரைச் செயின் மேல் வைத்தேன். டின்னை ஸ்டோரில் போட்டுவிட்டு வருவதற்குள், டீ குடித்துவிட்டு வந்த மணியம் வண்டியை எடுத்துவிட்டான்.

காளியப்பன் அடியிலேயே நசுங்கிச் செத்தான். வெளியே வருமுன்னே அவனே அவசரப்பட்டுக் கையை நீட்டி ஸ்பானரை வைத்துவிட்டான் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இன்றைக்கு புக்கிட் மெர்தாஜாமில் மணியத்தின் சாவு. காளியப்பன் பெண்சாதி சரசு வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் செஞ்ச தப்புக்கு இவர் குடிச்சே அழிஞ்சாருண்ணே. பெட்டிகிட்ட நின்னு மன்னிப்புக் கேட்டுட்டேன் லா."

"பஸ்ஸிலயா வந்தே?" என்று கேட்டேன்.

அது யார் ஸ்பானர் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சொல்ல வேண்டிய ஆள் இன்னும் உயிரோடு ஜெலுத்தோங் பிளாட்டில் இருக்கிறாள். சரசு.