இரவல் நாற்காலி

சலேத்தின் அப்பாவுக்கு,

அங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். சலேத்துக்கு இப்போதெல்லாம் பசியே எடுப்பதில்லை. அதனால் அரிசியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

பிள்ளைக்கு உதவி கேட்டு, பங்குச் சாமியார் எழுதித் தந்த மனுவைச் சர்க்காருக்கு அனுப்பியிருந்தேன். நேற்று வீட்டைப் பார்க்க ஆபீசர் அம்மா வந்தார்கள்.

"ஏளா, வந்தவங்கள வெறுந்தரையிலயா உக்கார வைப்ப?" என்று பக்கத்து வீட்டுக் கத்தரீனா மாமி நாற்காலியும் பூப்போட்ட திரையும் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து கண்ணாடித் தம்ளரும் ஒரு தட்டு மக்ரூன் இனிப்பும் வந்தன. கடல்காற்றில் திரை தோணிப்பாய் போல உப்பியது. வீடே மெல்ல நகர்ந்து தண்ணீருக்குள் போவதுபோல இருந்தது எனக்கு. சங்கு குளிக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்கடியில் நமக்கொரு வீடு என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்களே, அந்த வீடு.

ஆபீசர் அம்மா சுற்றிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நல்லாத்தானம்மா இருக்கீங்க. இல்லாதவங்க எத்தன பேர் காத்திருக்காங்க" என்று எழுதிக்கொண்டார்கள். வாசலில் மாமி பெருமையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் இரவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா மக்ரூன் ஒன்றுதான் எடுத்தார்கள். மீதியை, அவர்கள் படியிறங்குமுன் சலேத் தின்று தீர்த்தாள்.

சாயங்காலமே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சலேத் மட்டும், நாற்காலி இருந்த இடத்தை, இடித்துக்கொள்ளாமல் இன்னும் சுற்றியே நடக்கிறாள்.

நீங்கள் வரும் நாளுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி