வெட்டிப் போட்ட படம்

பொகோட்டா, நவம்பர் 23

அன்பு மகள் யூரானிக்கு அப்பா எழுதுவது. நான் மிக நன்றாக இருப்பதாக இங்கே தெருவே சொல்கிறது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். மாட்ரிடில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வீட்டுச் சேதி முதலில். கூரை ஒழுகிய இடத்தைப் பக்கத்து வீட்டு குஸ்தோதியோவும் நானும் ஏறி அடைத்துவிட்டோம், ஆமாம், நானும்தான் ஏறினேன், ஏணி உடையவில்லை. அம்மா வைத்த தொட்டிச் செடிகளில் இரண்டு பட்டுப்போயின, மற்றவை பூக்கின்றன. நான் ஓட்டும் பஸ்ஸில் டிரைவர் சீட்டை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன், வயிறு இருந்த இடம் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாம் சாலையை மறித்து நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விடுகிறார்களே, முப்பது வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைத் திட்டியவன் நான், வேலைவெட்டி இல்லாத ஜனம் என்பேன், உனக்கே தெரியும். இப்போது ஏழு மணிக்கெல்லாம் அந்த ஜனத்தோடு பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். போன வாரம் மொன்செராத்தே மலைப் படிகளை ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் ஏறினேன், முட்டி வலிக்கவில்லை.

பஸ் டெப்போவில் நீ இணையத்தில் போட்ட படத்தைச் செல்போனில் காட்டினார்கள். நீ மாட்ரிட் போன அன்று விமான நிலையத்தில் நூற்று முப்பத்தெட்டு கிலோவாக நிற்கும் நான் இடது பக்கம், எண்பத்தொரு கிலோவாக ஓடும் நான் வலது பக்கம். என் அப்பா என் ஹீரோ, மனசு வெச்சா எதுவும் முடியும் என்று கீழே எழுதியிருக்கிறாய். நாலாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். எவேலியோ, இருபது வயசு குறைஞ்சிட்டியேய்யா, என்னதான் பண்ற, எங்களுக்கும் சொன்னா கொறைஞ்சா போயிடுவ என்று கேட்டார்கள். காய்கறி சாப்பிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மறந்துவிட்டது போலத் தெரிகிறது. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது நீ உன்னுடையதைத் தருகிறேன் என்றாய், பிள்ளை பெற வேண்டியவள், வேண்டாம் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். என்னுடையது பொருந்தியது. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, கிட்னி நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் ஜாஸ்தி, நூறு கிலோவுக்குக் கீழ வாங்க என்றார். இருபது வருஷமாக உன் அம்மா கெஞ்சியபோதெல்லாம் எலும்பே கனம், எங்க வம்சமே இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் போன வருஷம் ஏப்ரலில் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் முனை ரொட்டிக்கடை வரைதான் போக முடிந்தது, அங்கே உட்கார்ந்து அழுதேன், அதை அவளிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மருந்துக்கடை எடைமெஷினுக்கு என்னைக் கூட்டிப் போவாள், எண்ணைக் காலண்டரில் குறிப்பாள். டிசம்பர் பாதியில் நூற்றிரண்டு. ஜனவரி எட்டாம் தேதி பரிசோதனை.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம் வந்தது. தினம் ஒரு வீடு, அந்த வருஷம் ஒன்பது வீட்டிலும் உன் அம்மா ஒத்தீலியாவின் உடம்புக்காகத்தான் ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் தட்டு நிறையப் பொரித்த சீஸ் உருண்டை, பால் அல்வா. முதல் நாள் வேண்டாம் என்றேன். அந்த வீட்டு ருபியேலாவின் முகம் தொங்கிவிட்டது, உன் வீட்டுக்காரருக்கு எங்க கைப்பக்குவம் பிடிக்கலை போல என்று அம்மாவிடமே சொன்னாள். அம்மா ஒன்றையும் தொடக் கூடாது, ஆனாலும் என் காதில், சாப்பிட்டுடுங்க, எனக்காக வேண்டிக்கிறவங்க, மனசு நோகக் கூடாது என்றாள். நாலாம் நாள் உனக்குப் போன் செய்து எடை ஏறிவிடும், பயமாக இருக்கிறது என்றேன். நீ சிரித்தாய். கிறிஸ்துமஸும் அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்கப்பா, ஜனவரில பாத்துக்கலாம் என்றாய். உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஐந்தாம் நாளுக்கு மேல் யாரும் என்னை வற்புறுத்தவில்லை, நானே தட்டைத் தேடிப் போனேன். உன் அம்மாவுக்காக ஜெபித்த ஒன்பது வீட்டிலும் நான் தின்றேன்.

ஜனவரி எட்டாம் தேதி நூற்றேழு. மார்ச்சில் வாருங்கள் என்றுவிட்டார்கள். பிப்ரவரியில் டயாலிசிஸ் குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறி நாலே நாளில் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு நீ வந்துபோனாய். உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், மார்ச்சில் குறித்திருந்த தேதிக்கு நான் போனேன். அவள் இல்லை என்று தெரிந்தும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். தொண்ணூற்றெட்டு. அம்மாவின் ஃபைலைப் பார்க்காத நர்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

எனக்கு ஓடுவது பிடித்துவிட்டது, யூரானி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலை மலைக்காற்று முகத்தில் படும்போது சந்தோஷமாக இருக்கிறது, அந்த நேரத்தில் அவளை மறந்துகூடப் போகிறேன். மொன்செராத்தேக்கு ஒருதரம் நடந்து ஏறிடலாம்ங்க என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டாள், ஒவ்வொரு தடவையும் தொங்குவண்டியில்தான் கூட்டிப் போனேன், என்னால் முடியாது என்றேன். முடியாது என்றது பொய் என்று இப்போது இந்தக் கால்கள் காட்டுகின்றன. மனசு வெச்சா எதுவும் முடியும் என்று நீ எழுதியதை டெப்போவில் ஒருவன் சத்தமாக வாசித்தான், எனக்குப் பளாரென்று அறைந்தது போல் இருந்தது.

டிசம்பர் பதினாறு, முதல் நாள் ஜெபம் இந்த வருஷம் நம் வீட்டில். சீஸ் உருண்டை நானே பொரிப்பேன், தட்டு மேஜையில் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். யார் கையிலும் திணிக்க விடமாட்டேன், ருபியேலா கோபித்துக்கொண்டாலும் சரி. நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. மாப்பிள்ளை நடக்கக் கூப்பிட்டால் அன்றைக்கே போ.

அந்த விமான நிலையப் படத்தின் முழுப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் நீலக் கோட்டில் அம்மா நிற்கிறாள். நீ அவளை நேராக வெட்டியிருக்கிறாய், என் தோளில் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் நிற்கின்றன. நாலாயிரம் பேர் பார்த்தார்கள், அது யார் கை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், சீக்கிரம் ஒரு குழந்தையைக் கொடுக்கட்டும். மறக்காமல் முழுப் படத்தையும் போடு. அவளுக்கு அதில் இடம் இல்லையென்றால் என்னையும் எடுத்துவிடு.

உன் அப்பா,
எவேலியோ குபீயோஸ்