புறங்கை காட்டிய வாசல்

பெப். 12, 1931. வியாழன்
காலையில் பனி, பிறகு நல்ல வெயில். கொழும்புத் தரகர் கடிதம். எங்கள் தோட்டத்துத் தேயிலையில் மறுபடியும் புளிப்பாம். துரை தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கே வந்து, "டீமேக்கர், உன் கை போச்சு" என்றார். பன்னிரண்டு வருடக் கை! சோறு இறங்கவில்லை.

பெரிய கிளாக்கர் நல்லையா, யாழ்ப்பாணத்தார், ஒளிக்காமல் சொன்னார்: "புது டீமேக்கர் கேட்டுத் துரை கடிதம் அடிக்கச் சொன்னார், அடிச்சன். திங்கள் தபாலில போடோணும்." கோட்டுப் பையைத் தட்டினார். பிறகு, "சனிக்கிழமை வௌவால் குகை பாக்கப் போறன். நீரும் வாரும். முகத்தைத் தூக்கி வைச்சிருந்து என்ன பயன்?"

13, வெள்ளி
கண்டிக்குப் போய் வந்தேன். அரிக்கன் லாம்பு 1, தீப்பெட்டி 2. நாளைக்கு ரொட்டி, சம்பல். கடைக்கார நானா, "திரும்பி வந்தா சொல்லுங்க" என்று ஒரே சிரிப்பு.

14, சனி
வந்துவிட்டேன், நானா!

குகை வாய் சின்னது. உள்ளே எங்கள் ஸ்டோரை மாடியோடு தூக்கி வைக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. எச்சம் முழங்கால் வரை. மூக்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வழிகாட்டி பண்டா, அங்கே எரு அள்ளுகிறவன், மூன்றாவது மண்டபத்தில் நின்றுவிட்டான். "இதுக்கு அங்கால நாங்க போறது இல்ல ஐயா. பேய் இருக்கு."

நல்லையா கேட்பாரா? லாம்பை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இருட்டில் தனியே நிற்கப் பயந்து பண்டாவும் எங்கள் பின்னால். இடுப்பளவு தண்ணீர். வழுக்கி, முழுதாக உள்ளே. லாம்பு போச்சு. தீப்பெட்டி இரண்டும் அவர் கோட்டுப் பையில். கும்மிருட்டு.

"ஐயோ முருகா! எந்தப் பக்கத்தால வந்தனாங்கள்?"

எனக்கும் பயம்தான், பொய் எழுத மாட்டேன். கையைத் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் தினமும் செய்வதுதான். ஈரப் புறங்கையில் சில்லென்று படுகிற பக்கமிருந்து காற்று வருகிறது. இடப்பக்கம்!

"என் இடுப்பு வாரைப் புடிங்க ஐயா. பண்டா, நீ ஐயாவைப் புடி."

"உம்மட கையையோ நம்பிறது?"

"வேற கை இருக்கா?"

தண்ணீரை விட்டு ஏறித் தவழ்ந்தோம். வழி பிரிந்த மூன்று இடத்திலும் கை சொன்ன பக்கம். பிறகு பச்சிலை வாசம், வெளிச்சம். மலைக்கு மறுபுறம், ஏலக்காய்த் தோட்டம்! காய் பறித்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம். பண்டா, "அப்பா காலத்தில இருந்து எரு அள்ளுறது. இந்த வாசல் ஒருத்தருக்கும் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக் கும்பிட்டான். பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவினேன். தொண்டை கட்டிவிட்டது.

15, ஞாயிறு
மாதா கோவிலில் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. கை சரி என்றால் புளிப்பு எங்கிருந்து?

நேரே மாடிக்கு. காற்றாடியை ஓடவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, கொழுந்து பரப்பும் தட்டுகளுக்கு அடியில் குகையில் தவழ்ந்த மாதிரியே தவழ்ந்தேன். மேற்கு மூலையில் பலகை உளுத்து ஓட்டை. சூடு வரவேண்டிய இடத்தில் கீழறை ஈரம் ஏறுகிறது. கொழுந்து எப்படி வாடும்? வாடாதது புளிக்கத்தானே செய்யும்! இத்தனை வருடம் நடுவில் நின்றே கை நீட்டியிருக்கிறேன், மடையன். ஆனால் கை போகவில்லை. போகவே இல்லை!

16, திங்கள்
துரையைத் தவழ வைத்தேன். அவரும் கையை நனைத்துப் பார்த்தார். தச்சனுக்கு ஆள் அனுப்பினார். பிறகு ஆபீசில், "கிளாக்கர், அந்தக் கடிதம் எங்கே? கிழி."

நல்லையா கோட்டுப் பைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்து மேசையில் வைத்தார். கூழ். வௌவால் நாற்றம். துரை உட்கார்ந்த கதிரையோடு பின்னால் போனார்.

"கிழிக்க ஒண்டும் மிச்சமில்லை, சேர்."