ஒரு கஜம் பின்னால்

டல்லிவில், மிசிசிப்பி
20 நவம்பர் 1978

எமெட்,

ஆமாம், ஒரே ஒரு கேட்ச்தான் குறைந்தது. டெரல் கேட்ஸ் நூற்று அறுபதில் நின்றுவிட்டான். சனிக்கிழமை, அவனுடைய கடைசி ஆட்டம், கடைசிப் பந்து. விரல்நுனி வரை வந்து புல்லில் விழுந்தது. நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அதிக கேட்ச் பிடித்தவன் இன்னும் நீதான். நூற்று அறுபத்தொன்று. சாதனைப் பலகையில் உன் பெயர் பத்திரம்.

தலைக்கனம் ஏறிவிடாமலிருக்க ஒன்று சொல்கிறேன். உன் காலத்தில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பின்தங்கியவர்கள்தான் பந்தை எறிவார்கள். முன்னால் இருப்பவர்கள் எறியாமல் பந்தோடு ஓடி, ஆட்ட நேரத்தைக் கரைப்பார்கள். டெரலின் அணி இந்த ஆண்டு ஒன்பது ஆட்டம் ஜெயித்தது. பாதி ஆட்டங்களில் கடைசிக் கால்மணி நேரம் அவன் சும்மா நின்றான். ஆக உன் சாதனையில் நம் தோல்விகளுக்கும் பங்கு உண்டு.

இன்று அலுவலகத்துக்கு வந்தான்.

"மிஸ் வெர்லீன், என் மேட்ச் படச்சுருளெல்லாம் இன்னொரு தடவ பாருங்க. ஒரு கேட்ச் எங்கயாவது விட்டுப்போயிருக்கும்."

"விட்டுப்போகலன்னா?"

"போயிருக்கும், பாருங்க."

ஆட்டக் கணக்கு எழுதுகிறவள் நான். பார்க்கிறேன் என்றேன்.

வெர்லீன்

*

கேரி, இண்டியானா
24 நவம்பர்

வெர்லீன்,

உன் கடிதத்தை ஆலையில், சாப்பாட்டு நேரத்தில், உரக்கப் படித்தேன். செய்திருக்கக் கூடாது.

"டேய் எமெட், தோத்ததுக்கா ஒனக்குப் பலகை வெச்சாங்க?" என்றான் கூட வேலை பார்க்கும் லானி. என் தலைக்கவசத்தில் 161 என்று வெள்ளைச் சாயத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் யாரோ 'தோல்விகள்' என்று சேர்த்துவிட்டார்கள்.

தோல்வி மட்டுமில்லை. முழங்கால் நான்கு ஆண்டும் உடையவில்லை. அக்டோபர்களில் மழை அதிகம் இல்லை. எல்லாவற்றையும்விட, சில்வெஸ்டர் ஒருவனே நான்கு ஆண்டும் எனக்கு எறிந்தான். அவன் தோளைப் பார்த்தாலே பந்து எங்கே வரும் என்று என் கைக்குத் தெரியும். டெரலுக்கு எறிகிறவர்கள் மூன்று பேர் மாறினார்களாமே. பாவம். எனக்கு மூன்று பேர் என்றால் நூறுகூடத் தேறியிருக்காது.

நேற்று நன்றி கூறும் நாள். அக்கா வீட்டில் வான்கோழி விருந்து.

"யாருக்குடா இவ்ளோ லெட்டர் எழுதற?"

"காலேஜ்ல கணக்கு எழுதற பொண்ணுக்கு."

"ஆறு வருஷமா என்னடா கணக்கு?"

சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

எமெட்

*

டல்லிவில்
28 நவம்பர்

எமெட்,

இதை எழுதாமலிருக்க இரண்டு நாள் முயன்றேன்.

விடுமுறையில் அலுவலகம் காலி. டெரலின் சுருள்கள் அனைத்தையும் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவனுக்காக இத்தனை பார்த்தவள் உன்னுடையதையும் பார்ப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. முப்பத்தெட்டுச் சுருள்.

அக்டோபர் 1970, வெளியூர் ஆட்டம். சில்வெஸ்டர் நாற்பது கஜக் கோட்டில் நின்று ஓரமாக எறிகிறான். நீ பிடித்து நான்கு கஜம் ஓடுகிறாய். ஆனால் நீ பிடித்த இடம் அவனுக்கு ஒரு கஜம் பின்னால். எறிந்தவனுக்குப் பின்னால் வரும் பந்து கேட்ச் ஆகாது. அதைப் பந்தோடு ஓடிய ஓட்டம் என்றுதான் எழுத வேண்டும். படத்தை நிறுத்தி, ஓட்டி, நிறுத்திப் பார்த்தேன். ஒரு கஜம்.

பதிவேட்டில் 'கேட்ச்' என்று இருக்கிறது. என் கையெழுத்து. முதலாண்டு மாணவி, கணக்கெழுத வந்து மூன்றாவது வாரம்.

உன் கணக்கு நூற்று அறுபது. டெரலுக்கும் அதேதான்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திருத்தாமல் இருக்க முடியாது. திருத்தினால் உன்னிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிடுமோ என்று இருக்கிறது. தபால்பெட்டியைத் திறக்கவே பயம்.

வெர்லீன்

*

கேரி
2 டிசம்பர்

வெர்லீன்,

ஒரு பகல் முழுக்கக் கோபம் இருந்தது. மறைக்கமாட்டேன். உலை முன்னால் நின்று அந்த ஒரு பந்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஞாபகமே இல்லை. நூற்று அறுபத்தொன்றில் எனக்கு ஞாபகமிருப்பது பத்துப் பன்னிரண்டுதான். மறந்துபோன ஒன்றுக்காக இவ்வளவு கோபமா என்று மாலையில் சிரிப்பு வந்துவிட்டது.

லானியிடம் சாயம் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒண்ணு கொறையுது."

"ஏன்டா, அதையும் தோத்துட்டியா?"

மொத்த வரிசையும் சிரித்தது. நானும்தான்.

திருத்து. டெரலிடம் நீயே சொல். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

ஒன்று மட்டும். நீ தப்பாக எழுதி நான் பார்த்ததே இல்லை. அன்று கோட்டைப் பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? கடிதத்தில் வேண்டாம். பதினைந்தாம் தேதி, வெள்ளி, மெம்பிஸ் வழியாக வருகிற பேருந்தில் இரண்டரைக்கு இறங்குவேன். நேரில் சொல்.

எமெட்

*

டல்லிவில்
7 டிசம்பர்

எமெட்,

உன்னைத்தான். நேரில் என்றால் என் வாயிலிருந்து வராது. அதனால் எழுதிவிட்டேன். நீ இறங்கியதும் வேறு ஏதாவது பேசு.

கோச் மேபெரி படத்தை நான்கு முறை போட்டுப் பார்த்தார். "எட்டு வருஷம் கழிச்சு ஏம்மா இத கெளப்பற?" என்றார். ஐந்தாம் முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டெரலைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் புரியவில்லை.

"அப்ப நான் ரெண்டாவது இல்லியா?"

"இல்ல. ரெண்டு பேரும் மொதல்."

"அவரு கோவிச்சுக்கலயா?"

"ஒரு நாள் கோவிச்சுக்கிட்டாராம்."

"ஒரு நாள்தானா? நானா இருந்தா ஒரு மாசம்!" என்றான். பிறகு என்னை நாற்காலியோடு தூக்கிவிட்டான். தாழ்வாரத்தில் இரண்டு சுற்று. உன்னைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை பார்க்கலாம், வெள்ளிக்கிழமை முடியாது என்றேன்.

இன்று மதியம் ஏணி போட்டேன். பலகையில் உன் எண்ணை 160 ஆக்கி, கீழே டெரல் கேட்ஸ், 160 என்று எழுதினேன். சாயம் காய்ந்ததும் அலுவலகத்துக்குப் போய்ப் பதினைந்தாம் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

வெர்லீன்